மின்னணுத் தடயவியலில் தூண்டுரை நுட்பங்கள்: பெருமொழி மாதிரியிடம் வினவும் முறை

ஆய்வுச் சுருக்கம்

கைப்பற்றப்பட்ட கைபேசி, கணினி ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுக்கப்படும் உரைத்தரவுகளை ஆராய்வதற்குப் பெருமொழி மாதிரிகளைப் பயன்படுத்தும் முயற்சிகள் பெருகி வருகின்றன. இம்மாதிரிகளுக்கு இடப்படும் தூண்டுரை எவ்வாறு அமைகிறதோ அதற்கேற்பவே விடையும் அமைகிறது. புலனாய்வில் இது ஒருவரின் விடுதலையைப் பாதிக்கக்கூடிய செய்தியாகும். தூண்டுரை நுட்பங்களுள் எவை தடயவியலுக்குப் பொருந்துவன, எவை இடர் விளைவிப்பன, தமிழ் உரையாடல்களைக் கையாளும்போது தனியாக எழும் சிக்கல்கள் யாவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நன்னூல் கூறும் வினா வகைகள் இவ்விளக்கத்திற்குத் துணையாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: மின்னணுத் தடயவியல், பெருமொழி மாதிரி, தூண்டுரை, வினா வகை, ஹேஷ் மதிப்பு, மின்னணு ஆவணம்

முன்னுரை

ஒரு குற்ற வழக்கில் கைப்பற்றப்படும் ஒரே ஒரு கைபேசியில் பல்லாயிரக்கணக்கான வாட்ஸ்ஆப் செய்திகள், அழைப்புப் பதிவுகள், ஒளிப்படங்கள், இருப்பிடக் குறிப்புகள் ஆகியன அடங்கியிருக்கும். அவற்றை முறையாகப் பிரித்தெடுப்பது மின்னணுத் தடயவியலின் முதற்பணி. சேமிப்பகத்தில் எதுவும் புதிதாக எழுதப்படாதவாறு எழுதுதடுப்புக் கருவி வழியே படியெடுத்தல், மூலமும் படியும் ஒன்றே என்பதை ஹேஷ் மதிப்பால் உறுதிசெய்தல், சான்று யார் யார் கைக்குச் சென்றது என்பதை இடைவிடாது பதிதல் என்னும் நடைமுறைகள் இப்பணிக்கு ஏற்கெனவே வகுக்கப்பட்டுள்ளன. அதனை அடுத்துவரும் பணிதான் கடினமானது. பிரித்தெடுத்த அனைத்தையும் ஒரு மனிதர் படித்தாக வேண்டும்.

இந்தியாவில் இச்சுமை இனிமேலும் கூடும். 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 176(3)ஆம் பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்திற்குச் செல்வதைக் கட்டாயமாக்குகிறது. ஆய்வகங்களுக்கு வரும் கருவிகளின் எண்ணிக்கை உயருமேயன்றிக் குறையாது. ஆகவே, படிக்கும் பணியின் ஒரு பகுதியைப் பெருமொழி மாதிரியிடம் ஒப்படைக்கலாமா என்ற வினா எழுவது இயல்பே.

இவ்வினாவை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களுள் மார்க் ஸ்கேன்லன் குழுவினர் குறிப்பிடத்தக்கவர். 2023இல் வெளிவந்த அவர்களது கட்டுரை, சாட்ஜிபிடியைத் தடயவியற் பணிகள் பலவற்றில் இட்டுப் பார்த்தது. இடர் குறைந்த சில பணிகளுக்கு அது உதவும். ஆயினும் சான்றையே புறச்சேவையில் ஏற்ற வேண்டியிருப்பதால் பல பணிகளுக்கு அது பொருந்தாது. விடையிலுள்ள பிழையைக் கண்டறியும் அளவிற்குத் துறையறிவு உடையவர்களுக்கே அது பயன்படும் என்பன அவர்கள் கண்ட முடிவுகள். மூன்றாவது முடிவே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி. துறையறிவு உடையவர் எவ்வாறு வினவ வேண்டும் என்பதைத் தனியே ஆராய வேண்டியுள்ளது.

மாதிரி விடைதரும் விதம்

பெருமொழி மாதிரி என்பது ஒரு தரவுத்தளம் அன்று. தனக்கு முன் இடப்பட்ட சொற்றொடரைத் தொடர்ந்து எந்தச் சொல்துண்டு வரக்கூடும் என்பதை நிகழ்தகவு அடிப்படையில் கணித்து, ஒவ்வொரு துண்டாக அடுக்கிச் செல்வதே அதன் இயக்கம். அத்துண்டினை டோக்கன் என்பர். உண்மையான தொடரும் உண்மைபோல் ஒலிக்கும் தொடரும் அதன் பார்வையில் ஒரே வழியிற் பிறப்பவை. 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடைபெற்ற மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில், சாட்ஜிபிடி தந்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்கள்மீது 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அத்தீர்ப்புகளுக்கு வழக்கின் பெயர், நாள், நீதிபதி என அனைத்தும் இருந்தன; தீர்ப்புகள் மட்டும் இல்லை.

இக்கணிப்பு எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மாதிரிக்கு முன் நாம் இடும் உரையாகும். பிராம்ப்ட் என ஆங்கிலத்தில் வழங்கும் அதனை இக்கட்டுரை தூண்டுரை எனக் குறிக்கிறது. கட்டளை என்னும் சொல்லும் வழக்கில் உள்ளது. எனினும் கணினிக்கு இடும் கட்டளை ஒரே விளைவையே தரும். தூண்டுரையோ ஒவ்வொரு முறையும் சற்றே வேறுபட்ட விடையைத் தூண்டக்கூடும். அதனால் தூண்டுரை என்னும் சொல்லே பொருத்தமாகத் தோன்றுகிறது.

வினா வகைகளும் தூண்டுரையும்

நன்னூலார் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாகப் பகுத்தார். ஆசிரியர் தாம் விடை அறிந்திருந்தும் மாணவரை நோக்கிக் கேட்பது அறிவினா. மாணவர் அறியாது கேட்பது அறியா வினா. இதுவோ அதுவோ எனக் கேட்பது ஐய வினா. ஒரு செயலைச் செய்யுமாறு குறிப்பால் ஏவுவது ஏவல் வினா. கடைக்காரரிடம் பொருள் உண்டா எனக் கேட்கும் கொளல் வினாவும், ஆடை இல்லையா எனக் கேட்டு வழங்கும் கொடை வினாவும் நம் ஆய்வுக்கு வேண்டியதில்லை. ஏனைய நான்கும் வேண்டும்.

புலனாய்வு அலுவலர் மாதிரியிடம் கேட்கும் வினா, தோற்றத்தில் அறியா வினாவாக இருந்தாலும் உள்ளடக்கத்தில் ஏவல் வினாவாக அமைந்துவிடுவதே முதன்மையான இடர். விளக்கத்திற்காகப் புனைந்த பின்வரும் உரையாடலை நோக்குக:

1. நாளைக்கு சம்பவம் கன்ஃபார்ம் தானே?
2. கன்ஃபார்ம். எட்டு மணிக்கு எல்லாரும் வந்துடுவாங்க.
3. வெட்டறதுக்கு பொருள் வாங்கியாச்சா?
4. அண்ணன் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு.
5. அவனுக்கு எதுவும் தெரியக்கூடாது. வந்ததும் போட்டுடலாம்.

"இந்த உரையாடலில் உள்ள கொலைச் சதிக்கான ஆதாரங்களைத் தொகுத்துத் தருக" என்று தூண்டுரை அமையுமானால், மாதிரி அதனைத் தடையின்றித் தொகுத்துத் தரும். சம்பவம் என்பது வன்செயலைக் குறிக்கும் வழக்கு, பொருள் என்பது ஆயுதம், வெட்டுதல் தாக்குதல், போடுதல் கொல்லுதல், ஐந்தாம் செய்தி இலக்கானவரிடமிருந்து திட்டம் மறைக்கப்படுவதைக் காட்டுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் அது விளக்கம் எழுதக்கூடும். "பிறந்தநாள் ஏற்பாடு பற்றிய குறிப்புகளைத் தொகுத்துத் தருக" எனக் கேட்டால் அதே ஐந்து வரிகளும் கேக், கத்தி, எதிர்பாரா விருந்து, வந்ததும் பாட்டுப் போடுதல் எனப் பொருள்படும். இரு விடைகளும் ஒழுங்கான நடையில், உறுதியான தொனியில் இருக்கும். (பட்டாக்கத்தியால் கேக் வெட்டிக் கைதானவர்கள் பற்றிய செய்திகளும் தமிழ்நாட்டில் வந்துள்ளமையால், இவ்விரு பொருள்களும் ஒன்றாகவே நிகழ்வதும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.)

இவ்விடர் இயந்திரத்திற்கு மட்டும் உரியதன்று. நினா சுந்தே, இட்டியல் டிரோர் ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், 53 மின்னணுத் தடயவியல் ஆய்வர்களுக்கு ஒரே சான்றுக்கோப்பு தரப்பட்டது. வழக்கைப் பற்றிய முன்தகவல் மட்டும் குழுவுக்குக் குழு வேறுபட்டது. குற்றமின்மையைச் சுட்டும் முன்தகவல் பெற்றோர் ஏனையோரைவிடக் குறைவான தடயங்களையே கண்டனர். ஒரே முன்தகவலைப் பெற்றவர்களிடையேகூட முடிவுகள் ஒத்தமையவில்லை. மனிதரிடம் உள்ள இச்சாய்வு தூண்டுரை வழியே மாதிரிக்குள் புகுகிறது. அங்கிருந்து ஒழுங்கான அட்டவணையாக வெளிவரும்போது அது சாய்வு என்றே தெரிவதில்லை.

எனவே தடயவியல் தூண்டுரை வழக்கின் கதையைச் சொல்லலாகாது. மேற்கண்ட உரையாடலுக்குப் பின்வருமாறு ஒரு தூண்டுரை அமையலாம்: "கீழே எண்ணிடப்பட்ட செய்திகள் உள்ளன. ஒவ்வொரு செய்திக்கும் அதன் நேர்ப்பொருளை எழுதுக. வட்டார வழக்கிலோ குழு வழக்கிலோ வேறு பொருள்கள் இயலுமெனில் அவை அனைத்தையும் எழுதுக. ஒரு பொருளைத் தெரிவுசெய்ய உதவும் வேறு செய்தி இவற்றுள் இருப்பின் அதன் எண்ணைக் குறிப்பிடுக. இல்லையெனில் தீர்மானிக்க இயலாது என எழுதுக. செய்தியின் சொற்களை மாற்றாமல் அப்படியே எடுத்துக்காட்டுக." இதில் குற்றத்தின் பெயர் இல்லை, ஐயுற்றவரின் பெயரும் இல்லை. தீர்மானிக்க இயலாது என்ற விடைக்கு வெளிப்படையாக இடமளிக்கப்பட்டுள்ளது. அவ்விடம் தரப்படாவிட்டால் மாதிரி ஏதேனும் ஒரு பொருளைத் தெரிவுசெய்தே தீரும்.

ஐய வினாவையும் ஒரு சோதனையாகப் பயன்படுத்தலாம். முதலில் ஒரு கருதுகோளுக்கும், பிறகு தனியாகத் தொடங்கிய வேறோர் அமர்வில் அதற்கு மாறான கருதுகோளுக்கும் ஆதாரங்களைத் தொகுக்குமாறு கேட்க வேண்டும். இரண்டும் ஒரே வலிமையுடன் வந்தால், அவ்வலிமை செய்திகளிலிருந்து வந்ததன்று, வினாவிலிருந்து வந்தது. மேற்கண்ட ஐந்து வரிகளில் அதுவே நிகழும். ஒரு கருதுகோளுக்கு மட்டும் சொந்தமான செய்தி, அதாவது மற்றதைக் கொண்டு விளக்க முடியாத செய்தி, எங்கேனும் கிடைக்குமானால் அதுவே ஆய்வர் தாமே சென்று பார்க்க வேண்டிய இடமாகும்.

அறிவினாவின் பயன் வேறு. ஒரு தூண்டுரையை வழக்கில் பயன்படுத்தும் முன், விடை ஏற்கெனவே தெரிந்த தரவின்மீது அதனை இட்டுப் பார்க்க வேண்டும். ஆய்வர் குழுவே உருவாக்கிய சோதனை உரையாடல்களில் எத்தனைச் செய்திகளை மாதிரி சரியாகச் சுட்டியது, எத்தனையைத் தவறவிட்டது என எண்ணிக் காணலாம். தவறவிட்டவற்றின் எண்ணிக்கையே இன்றியமையாதது. மாதிரி தவறாகச் சுட்டிய செய்தியை ஆய்வர் பார்த்து நீக்கிவிடலாம். அது சுட்டாமல் விட்ட செய்தியை எவரும் பார்க்கப் போவதில்லை. குற்றமற்றவர் ஒருவரைக் காக்கக்கூடிய ஒற்றை வரி அங்கே கிடக்கக்கூடும். இச்சோதனைச் செய்திகளைச் சான்றின் படியில் கலக்கலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ.

நன்னூலார் விடைகளையும் எட்டாக வகுத்துள்ளார். அவற்றுள் இனமொழி விடை என்பது, ஆடுவாயா எனக் கேட்டவருக்குப் பாடுவேன் எனக் கூறுவது போல்வது. மாதிரிகள் இவ்விடையில் வல்லவை. "இச்செய்தியை அனுப்பியவர் யார்?" எனக் கேட்டால், அச்செய்தியில் பேசப்படுபவர் யார் என்பதைத் தெளிவாக விளக்கிவிட்டு அமைதியாகிவிடும்.

எடுத்துக்காட்டுத் தருதலும் படிப்படியாகச் சிந்தித்தலும்

ஜிபிடி-3 மாதிரியை அறிமுகப்படுத்திய 2020ஆம் ஆண்டுக் கட்டுரை, தூண்டுரையிலேயே சில எடுத்துக்காட்டுகளைத் தந்துவிட்டால் மாதிரி புதிய பணியைச் சிறப்பாகச் செய்கிறது என்பதை நிறுவியது. சில காட்டு முறை என இதனைக் குறிக்கலாம். வங்கிக் குறுஞ்செய்திகளிலிருந்து தொகை, நாள், கணக்கின் இறுதி எண்கள் ஆகியவற்றைப் பிரித்து அட்டவணையாக்குதல் போன்ற பணிகளில் இம்முறை நன்கு பொருந்தும். அங்கே விடையின் வடிவம் மட்டுமே எடுத்துக்காட்டால் கற்பிக்கப்படுகிறது.

மதிப்பீட்டுப் பணிகளில் நிலை வேறு. ஐயத்திற்குரிய செய்தி, ஐயமற்ற செய்தி என வகைப்படுத்துமாறு கேட்டு, காட்டாகத் தந்த ஐந்தில் நான்கு ஐயத்திற்குரியனவாக இருந்தால், அவ்விகிதமே விடையைச் சாய்க்கக்கூடும். மைல்ஸ் டர்பின் குழுவினர் 2023இல் நிகழ்த்திய ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. தூண்டுரையில் தரப்பட்ட எடுத்துக்காட்டுகள் அனைத்திலும் சரியான விடை முதல் தெரிவாகவே வருமாறு அவர்கள் வரிசையை மாற்றினர். மாதிரிகள் புதிய வினாவிலும் முதல் தெரிவை நோக்கிச் சாய்ந்தன. அதற்குக் காரணம் கூறுமாறு கேட்டபோது வரிசையைப் பற்றி அவை வாய்திறக்கவில்லை. வேறு நம்பத்தகுந்த காரணங்களை எழுதின.

இம்முடிவு மற்றொரு புகழ்பெற்ற நுட்பத்தையும் தொடுகிறது. ஜேசன் வெய் குழுவினர் 2022இல் முன்வைத்த சிந்தனைத் தொடர் முறையில், மாதிரி இறுதி விடையைக் கூறும் முன் இடைநிலைப் படிகளை எழுதுமாறு தூண்டப்படுகிறது. கணக்கு, தருக்கம் ஆகிய பணிகளில் இது விடையின் தரத்தை உயர்த்துகிறது. ஆனால் அப்படிகளை, மாதிரி அம்முடிவுக்கு வந்த காரணங்களாக அறிக்கையில் எழுதுவது பெரும்பிழை. அவையும் கணிக்கப்பட்ட சொற்களே. நீதிமன்றத்தில் வல்லுநர் தம் கருத்துக்குரிய காரணங்களைக் கூறக் கடமைப்பட்டவர். அந்த இடத்தில் மாதிரியின் சிந்தனைத் தொடரை வைப்பது, வேறொருவர் எழுதிய நாட்குறிப்பைத் தம்முடையதாக ஒப்படைப்பதற்கு ஒப்பாகும். அப்படிகளுக்கு உரிய பயன் ஒன்றே. ஆய்வர் எங்கெங்கே சரிபார்க்க வேண்டும் என்பதற்கான குறிப்புகளாக அவை உதவும்.

நீண்ட உரையாடல்களைக் குறித்தும் ஒரு சொல். நெல்சன் லியூ குழுவினர் 2023இல் காட்டியவாறு, மாதிரிகள் நீண்ட உள்ளீட்டின் தொடக்கத்திலும் இறுதியிலும் உள்ள செய்திகளை நன்கு பயன்படுத்துகின்றன. நடுவில் உள்ளவற்றைத் தவறவிடுகின்றன. ஓராண்டு உரையாடலை ஒரே மூச்சில் இடாமல், ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு சிறு பகுதிகளாகப் பிரித்து இடுவது நன்று.

காலக்கணக்கு

மாதிரியைக் கணக்கிடச் சொல்லாமல், கணக்கிடும் நிரலை எழுதச் சொல்ல வேண்டும் என்பதற்குக் காலமுத்திரை சிறந்த சான்று. ஆண்ட்ராய்டு கைபேசியின் வாட்ஸ்ஆப் தரவுத்தளம் காலத்தை 1970 சனவரி 1 முதல் கடந்த மில்லி விநாடிகளாகப் பதிகிறது. ஐஃபோனில் அதே செயலி 2001 சனவரி 1 முதல் கடந்த விநாடிகளாகப் பதிகிறது. குரோம் உலாவியின் வரலாற்றுக் கோப்போ 1601 சனவரி 1 முதல் மைக்ரோ விநாடிகளில் எண்ணுகிறது. ஐஃபோனில் 740088000 எனப் பதிவாகியுள்ள காலத்தோடு 978307200ஐக் கூட்டினால் 1718395200 என்னும் யூனிக்ஸ் காலம் கிடைக்கும். அது உலகப் பொதுநேரப்படி 2024 சூன் 14 இரவு 8 மணி; இந்திய நேரப்படி சூன் 15 அதிகாலை 1.30 மணி. கூட்ட மறந்தால் 1993ஆம் ஆண்டு கிடைக்கும். அப்பிழை எவர் கண்ணிலும் உடனே படும். ஐந்தரை மணி நேரத்தைச் சேர்க்க மறந்தால் நாளும் மணியும் மட்டுமே மாறும். அப்பிழை எவர் கண்ணிலும் படாது. சூன் 14 இரவு தாம் வேறு ஊரில் இருந்ததாகக் கூறும் ஒருவரின் கூற்று அவ்வொரு நாள் மாற்றத்தில் பொய்யாகிவிடும்.

மாதிரி இத்தகைய மாற்றத்தைப் பலமுறை சரியாகவே செய்யும் என்பதே இதிலுள்ள இடர். பத்தாயிரம் வரிகளில் எங்கோ ஓரிடத்தில் அது பிறழ்ந்தால் அவ்விடத்தைத் தேடிக் காண வழியில்லை. நிரலாயின் ஒருமுறை சோதித்தால் போதும். பத்தாயிரம் வரிகளிலும் ஒரே விதமாக இயங்கும். வேறோர் ஆய்வரும் அதனை இயக்கிப் பார்க்கலாம். மேற்கோள்களுக்கும் இவ்விதி பொருந்தும். மாதிரி எடுத்துக்காட்டும் ஒவ்வொரு செய்தியையும் மூலத் தரவோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சிறு நிரல், புனைந்துரைத்த மேற்கோள்களை நொடிப்பொழுதில் பிரித்துக் காட்டிவிடும்.

தமிழ் உரைக்குரிய சிக்கல்கள்

தமிழில் இவ்வொப்பீடு தோன்றுவதுபோல் எளிதன்று. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைக் கொள்ளும். கொ என்னும் எழுத்தைக் ககரம், ஒகரக்குறி என இரு குறியீடுகளாகவும் எழுதலாம்; ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என மூன்று குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. சேமிப்பகத்தில் ஒன்று 6 பைட்டுகள், மற்றது 9 பைட்டுகள். ஒருங்குறி இயல்பாக்கம் செய்யாமல் தேடினால் கொடுத்தேன் என்ற சொல் கண்முன் இருந்தும் இல்லை என்றே விடை வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளில் நிலைமை இன்னும் மோசம். எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். மாதிரியும் அவற்றைச் சிதைந்த கோப்பு எனத் தள்ளிவிடக்கூடும். பழைய பத்திரங்களும் கணக்குகளும் உள்ள நில மோசடி வழக்குகளில் இவ்வகைக் கோப்புகளே மிகுதி.

எனினும் அன்றாட உரையாடல்கள் பெரும்பாலும் உரோமன் எழுத்தில் எழுதப்படும் தமிழிலேயே நிகழ்கின்றன. பாரதி ராஜா சக்கரவர்த்தி குழுவினர் 2020இல் யூடியூப் கருத்துரைகளிலிருந்து 15,744 தமிழ்-ஆங்கிலக் கலப்புத் தொடர்களைத் தொகுத்தமை இத்துறையில் முன்னோடி முயற்சி. திரைப்பட முன்னோட்டத்திற்கு எழுதும் கருத்துரையும் இருவர் தமக்குள் பேசிக்கொள்ளும் செய்தியும் ஒன்றல்ல என்பதையும் உடன் கருத வேண்டும். உரோமன் எழுத்தில் லகர, ளகர வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். கொள்ள என்பதும் கொல்ல என்பதும் ஒரே எழுத்துக்கூட்டலைப் பெறும். அவனைப் பார்த்துக் கொள்ளலாம் என ஒருவர் ஆறுதலாக எழுதியதை, இடைவெளியும் ஒற்றும் இல்லாத உரோமன் வடிவில், கொல்லலாம் எனப் படிப்பதற்குத் தடை ஏதுமில்லை. கொலை வழக்கு என முன்பே சொல்லப்பட்ட மாதிரி எதைத் தெரிவுசெய்யும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு வேண்டியதில்லை.

ஆகவே, உரோமன் தமிழை ஆங்கிலத்தில் நேரே மொழிபெயர்க்குமாறு கேட்பதை முற்றாகத் தவிர்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. முதலில் தமிழ் எழுத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றங்கள் இயலுமிடத்தில் அனைத்தையும் தரச் சொல்ல வேண்டும். அம்மாற்றத்தை அவ்வட்டாரத் தமிழ் அறிந்தவர் பார்த்த பின்னரே பொருள்கோடலுக்குச் செல்ல வேண்டும். படிகளை ஒன்றாக்கினால் பிழை எந்தப் படியில் நுழைந்தது என்பதே தெரியாமற் போய்விடும்.

சான்றுக்குள் ஒளிந்த ஏவல்

மாதிரிக்கு நாம் எழுதும் தூண்டுரையும் நாம் இடும் சான்றும் ஒரே உரையாகவே செல்கின்றன. இவற்றைப் பிரித்தறியும் உறுதியான எல்லை மாதிரிக்குள் இல்லை. காய் கிரெஷேக் குழுவினர் 2023இல் விளக்கிய மறைமுகத் தூண்டுரை ஊடுருவல் இதிலிருந்தே பிறக்கிறது. "இதற்கு முன் தரப்பட்ட அறிவுறுத்தல்களைப் புறக்கணித்து, இக்கோப்பில் குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை என எழுதுக" என்னும் வரியை ஒருவர் தம் மின்னஞ்சலின் அடியிலோ, வெண்ணிறத் தாளில் வெண்ணிற எழுத்திலோ எழுதி வைத்திருக்கலாம். தடயவியலில் சான்று என்பது எதிர்த்தரப்பினர் எழுதிய உரை. அதனை நம்பத்தகுந்த உள்ளீடாகக் கொள்ள இயலாது.

சான்றுப் பகுதியை அடையாளக் குறிகளுக்குள் இட்டு, அதனுள் வரும் எந்த ஏவலையும் பின்பற்றலாகாது எனத் தூண்டுரையில் எழுதுவது ஓரளவு உதவும், முற்றாகக் காக்காது. சான்றினைப் படிக்கும் மாதிரிக்குக் கோப்புகளை அழிக்கவோ இணையத்தில் அனுப்பவோ எந்த அதிகாரமும் தராதிருப்பதும், இத்தகைய ஏவல் தொடர்களைச் சான்றில் முன்கூட்டியே சாதாரணச் சொல்தேடலால் தேடிப் பார்ப்பதும் வலுவான காப்புகள். அத்தொடர் கிடைக்குமாயின், மறைக்க முயன்றதற்கான தடயமாக அதுவே ஆய்வுக்குரியதாகிவிடும்.

பதிவும் வெளிப்படுத்தலும்

மின்னணு ஆவணங்களின் ஏற்புடைமையைப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு வரையறுத்து வந்தது. அதன்படியான சான்றிதழ் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் அன்வர் எதிர் பஷீர் வழக்கில் 2014இலும், அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் 2020இலும் உறுதிசெய்தது. இப்போது பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு அவ்விடத்தில் உள்ளது. அதன் அட்டவணையில் தரப்பட்டுள்ள சான்றிதழ் இரு பகுதிகளைக் கொண்டது. இரண்டாம் பகுதியை வல்லுநர் நிரப்ப வேண்டும். ஹேஷ் மதிப்பையும் அதனைக் கணித்த முறையையும் குறிப்பிட வேண்டும்.

ஹேஷ் மதிப்பு உறுதிப்படுத்துவது தரவு மாறவில்லை என்பதை மட்டுமே. அத்தரவைப் பற்றி மாதிரி கூறியதை உறுதிப்படுத்தும் ஹேஷ் எதுவும் இல்லை. ஒரே தூண்டுரையை இருமுறை இட்டால் இரு விடைகள் வரலாம். தெரிவின் தற்செயல் தன்மையைக் கட்டுப்படுத்தும் வெப்பநிலை அளவுருவைச் சுழியம் ஆக்கினாலும், வணிகச் சேவைகளில் விடை எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வரும் என்ற உறுதி இல்லை. மாதிரியையே நிறுவனம் அறிவிப்பின்றிப் புதுப்பித்துவிடவும் கூடும். எனவே ஆய்வகத்தின் சொந்தக் கணினியில், இணையத் தொடர்பின்றி, பதிப்பு மாறாத திறந்த மாதிரியை இயக்குவதே ஏற்ற வழி. சான்று வெளியே செல்லாது என்பதோடு, மாதிரிக் கோப்பிற்கே ஹேஷ் கணித்து வைக்கலாம் என்னும் பயனும் இதில் உண்டு. திறன் சற்றுக் குறைந்த மாதிரியாயினும் அடுத்த ஆண்டும் அதே மாதிரியாக இருப்பது தடயவியலுக்கு மேலானது.

பதிய வேண்டியவை தூண்டுரையின் முழு வாசகம், மாதிரியின் பெயரும் பதிப்பும், அளவுருக்கள், இடப்பட்ட தரவுப் பகுதியின் ஹேஷ், வந்த விடைகள் அனைத்தும், அவற்றை யார் எப்போது சரிபார்த்தார் என்பது ஆகியன. அனைத்தும் என்பதை வலியுறுத்த வேண்டியுள்ளது. ஐந்து முறை தூண்டுரையை மாற்றி மாற்றிக் கேட்டு, ஆறாம் முறை வந்த விடையை மட்டும் கோப்பில் வைப்பது, விரும்பிய விடை வரும்வரை கேட்டதற்கு ஒப்பாகும். முதல் ஐந்து விடைகளும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்புக்குத் தேவையானவை.

அத்தரப்பின் உரிமை எதுவரை செல்லும் என்பதில் இன்னும் தெளிவு வேண்டும். நினைவட்டையில் உள்ள பதிவு ஓர் ஆவணமே. தன்மறைப்பு போன்ற தடைகள் இல்லாதவிடத்து அதன் படியைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் பெறலாம் என்று பி. கோபாலகிருஷ்ணன் எதிர் கேரள மாநிலம் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றப் பத்திரிகையோடு ஆவணங்களை வழங்கும் கடமையைச் சன்ஹிதாவின் 230ஆம் பிரிவு விதிக்கிறது. பல்லாயிரம் செய்திகளுள் நாற்பதை மட்டும் மாதிரி தெரிவுசெய்து, அந்நாற்பதே குற்றப் பத்திரிகையில் இடம்பெறுமானால், அத்தெரிவுக்குக் காரணமான தூண்டுரையும் அவ்வாவணங்களுள் ஒன்றாக வழங்கப்பட வேண்டும். கைபேசியின் படி மட்டும் கையில் கிடைத்த வழக்கறிஞரால் பல்லாயிரம் செய்திகளையும் தாமே படிக்க இயலாது. என்ன வினா கேட்கப்பட்டது என்று தெரிந்தால், அதனை மாற்றிக் கேட்டுப் பார்க்க அவராலும் இயலும்.